பேரிடருக்குத் தனிப் பேரேடு எதற்கு?



ஐப்பசி பிறந்தால் நம் கடைத்தெருவில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே நடக்கும். ஒன்று தீபாவளிச் சரக்கைப் பற்றியது. மற்றொன்று வானத்தைப் பற்றியது. மழை வேண்டும் என்று கும்பிடுகிறவர்களும் நாம்தான். அது பெய்யத் தொடங்கியதும் குடோனுக்குள் தண்ணீர் வருமோ என்று தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிறவர்களும் நாம்தான். வெள்ளம் வந்துவிட்டால் நிவாரண மனு, அரிசி மூட்டை, சாப்பாட்டுப் பொட்டலம், பத்திரிகைக்குப் படம் என்று ஒரு மாதம் ஓடும். தை பிறந்ததும் எல்லாம் மறந்துபோகும். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

இந்தப் பழக்கம் நம் வியாபாரத்துக்கும் நல்லதல்ல, ஊருக்கும் நல்லதல்ல. அரசாங்கம் சாலை, சந்தை, வீடு, கால்வாய் எல்லாவற்றையும் 'வளர்ச்சி' என்ற ஒரு பேரேட்டில் எழுதுகிறது. வெள்ளம், தீ, புயல் ஆகியவற்றை 'பேரிடர்' என்ற இன்னொரு பேரேட்டில் எழுதுகிறது. முதல் பேரேடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். இரண்டாவது பேரேடு ஆபத்து வந்த பிறகே திறக்கப்படும். முதல் பேரேட்டில் செய்த தவறுதான் இரண்டாவது பேரேட்டில் நஷ்டமாக ஏறுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தி.

வெள்ளத்தை அறிந்த ஊர்

காஞ்சிக்கு வெள்ளம் புதியதல்ல. நம் ஊரின் பெரிய புராணக் கதைகள் இரண்டும் வெள்ளத்தில்தான் தொடங்குகின்றன. பிரம்மன் செய்த யாகத்தை அழிக்க சரஸ்வதி தேவி வேகவதி ஆறாகப் பெருகி வந்தாள் என்றும், திருவெஃகாப் பெருமாள் அதன் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்றும் சொல்வார்கள். கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தபோது அம்பிகை மணல் லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயில் வரலாறு. அதே திருவெஃகாப் பெருமாள் தம் அடியார்கள் ஊரை விட்டுப் போனபோது தாமும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்து, ஓர் இரவு தங்கிய இடம்தான் 'ஓர் இரவு இருக்கை' என்று பெயர் பெற்று ஓரிக்கை ஆயிற்று என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

பக்தியோடு கேட்க வேண்டிய கதைகள் இவை. கூடவே ஒரு சேதியும் இருக்கிறது. இந்த ஊர் ஆறுகளுக்கு நடுவில் அமைந்த ஊர். வடக்கிலும் மேற்கிலும் ஏரிகள், நகருக்குள் வேகவதி, தெற்கே ஓரிக்கையை ஒட்டிப் பாலாறு, நடுவே சர்வதீர்த்தம், ரங்கசாமி குளம், மங்கள தீர்த்தம் என்று குளங்கள். பெரியவர்கள் தண்ணீருக்கு வழியும் விட்டார்கள், தங்க இடமும் கொடுத்தார்கள். பிறகுதான் வீடு கட்டினார்கள்.

இன்று வேகவதியின் அகலத்தைப் பார்த்தால் அதை ஆறு என்று சொல்ல வெளியூர்க்காரர் தயங்குவார். மழைநீரைக் கொண்டுபோக வேண்டிய மஞ்சள்நீர்க் கால்வாய் சாக்கடையைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரிக்குப் போகிறது. பாலாறோ மணல் அள்ளப்பட்டு, பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, 'இனி இதில் எங்கே வெள்ளம் வரப்போகிறது' என்று மக்களை எண்ண வைத்தது. 2021 நவம்பரில் அந்த எண்ணம் பொய்த்தது. வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்து, ஓரிக்கைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு மணலே தெரியாமல் ஆறு ஓடியது. நூறாண்டுக்கு மேல் காணாத வெள்ளம் என்றார்கள். அதற்கு முன் 1903 நவம்பரில் இதே பாலாறு வாணியம்பாடியில் நிறைய உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கான நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ஆறு வறண்டு கிடப்பதால் அது தன் பாதையை மறந்துவிட்டதாக எண்ணக்கூடாது.

குழித்தறியில் ஊறும் நீர்

நாற்பது ஆண்டுகளாகப் பட்டு நூலும் ஜரிகையும் மொத்த வியாபாரம் செய்து வரும் நாம், வெள்ளத்தை ஆற்றின் கரையில் நின்று அளப்பதில்லை. நெசவாளர் வீட்டுத் தறிக்குழியைப் பார்த்து அளக்கிறோம்.

காஞ்சிப் பட்டு பெரும்பாலும் குழித்தறியில் நெய்யப்படுகிறது. நெசவாளர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்கிறார். நான்கு நாள் மழை விடாமல் பெய்து நிலத்தடி நீர் மேலே வந்தால், தெருவில் ஒரு சொட்டு வெள்ளம் இல்லாவிட்டாலும் அந்தக் குழியில் நீர் ஊறும். சொம்பால் இறைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி ஊறும். ஈரக்காற்றில் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், தெருவில் பாவு நீட்ட முடியாது, மரச்சாமான்கள் ஊதிப்போகும், வெள்ளி கலந்த ஜரிகை கறுக்கும். பட்டினி என்று யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நெய்தால்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது.

2015 மழையின்போது ஓரிக்கையில் நம்மிடம் நூல் வாங்கும் ஒரு வயதான நெசவாளரிடம், "என்னப்பா, ரெண்டு வாரமா ஆளைக் காணோமே?" என்று கேட்டோம். "குழி வத்தவே மாட்டேங்குது முதலாளி. தறியிலே ஏத்தின பாவு அப்படியே கெடக்குது. பையன் ஒரகடம் கம்பெனியிலே சேர்ந்துட்டான். மழைக்கு லீவு விட்டாலும் அங்கே மாசச் சம்பளம் வருதாம்" என்றார். அவர் சொன்ன கடைசி வார்த்தை நம் காதில் இன்றும் நிற்கிறது.

வியாபாரிகள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தை முகூர்த்தத்துக்கு விற்க வேண்டிய புடவை ஐப்பசி, கார்த்திகையில் தறியில் இருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. தறி நின்றால் நமக்கு நூல் விற்பனை நிற்கிறது. காந்தி ரோட்டுப் புடவைக் கடைக்குச் சரக்கு குறைகிறது. தெருமுனை மளிகைக் கடையில் பற்று ஏறுகிறது, வரவு இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்குவது தள்ளிப்போகிறது. இப்படி ஒவ்வொரு மழைக்கும் சில தறிகள் நிரந்தரமாக இறக்கப்பட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் நல்ல வேலைக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குழியில் ஊறும் தண்ணீருக்கு வழி செய்யாததால் ஒரு தொழிலே ஊரை விட்டுப் போகிறது என்றால், அதை எந்த நிவாரணத் தொகையால் திருப்பித் தர முடியும்?

சாலை உயர்ந்தது, வீடு தாழ்ந்தது

வளர்ச்சிப் பணியே ஆபத்தை எப்படி உண்டாக்குகிறது என்பதற்கு வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, முன்பு மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. அதில் விழும் மழை நீர் வீட்டுக்குள் போகிறது. குழித்தறி இருந்தால் அங்கே நேராகச் சேர்கிறது. சாலைக்குச் செலவானது வளர்ச்சிக் கணக்கு. தறி கெட்டது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை உயரக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். பெரிய பெரிய மாநாடுகளில் 'வளர்ச்சியோடு பேரிடர்த் தடுப்பை இணைக்க வேண்டும்' என்று பேசுகிறார்களே, அதன் பொருள் இந்த ஒரு உத்தரவில் அடங்கியிருக்கிறது. தனி நிதி வேண்டாம், தனி இலாகா வேண்டாம். போடுகிற சாலையைச் சரியான மட்டத்தில் போட்டால் போதும். அந்த அறிவுறுத்தல் நம் தெருவில் நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

கால்வாய்க்கும் இதே கதைதான். புதிதாகக் கட்டும் கால்வாய்களில் சில எங்கே போய் முடிகின்றன என்று கேட்டால் பதில் இல்லை. வழி இல்லாத கால்வாய் ஒரு நீண்ட தொட்டிதான். கால்வாய் கட்டுவதற்கு முன் அதன் கடைசி முனை வேகவதியிலா, ஏரியிலா, அங்கே மட்டம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

நம் மாவட்டத்தில் பரந்தூரில் விமான நிலையம் அமைக்கப் போவதாக 2022-ல் அறிவித்தார்கள். அதனால் வியாபாரம் வளரும் என்று நம்மில் பலர் மகிழ்கிறார்கள். நிலம் இழக்கும் ஏகனாபுரம் முதலான ஊர் மக்கள் போராடுகிறார்கள். அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் பாலாற்று நீரைப் பல ஏரிகளுக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் வழியே போகிறது. அங்கே ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. ஓடுபாதைக்கு வரைபடம் போடும் முன் தண்ணீரின் பாதைக்கு வரைபடம் போட்டாக வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதும், சென்னை விமான நிலையமே மூடப்பட்டது என்பதும் நாம் கண்ட உண்மை. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கைத் துறை அறிக்கை அந்த வெள்ளத்தில் மனிதர்களின் பங்கை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு துறையும் தன் வளர்ச்சித் திட்டங்களிலேயே பேரிடர்த் தடுப்பு நடவடிக்கைகளைச் சேர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் அன்றே சொல்லிவிட்டது. 2015 மார்ச்சில் ஜப்பான் நாட்டின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி, 2030 வரைக்கும் ஓர் ஒப்பந்தத் திட்டம் வகுத்தன. ஆபத்தைப் புரிந்துகொள்வது, அதை நிர்வாகத்தில் கொண்டுவருவது, தடுப்புக்கு முதலீடு செய்வது, முன்னேற்பாட்டோடு இருந்து இடிந்ததை முன்னைவிடப் பலமாகக் கட்டுவது என்று நான்கு முக்கியக் கடமைகள் அதில் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை நிலைத்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை ஏற்றது. அவற்றிலும் இந்தக் கடமை சேர்ந்திருக்கிறது. இரண்டையும் இந்தியா ஏற்றுக்கொண்ட அதே ஆண்டின் முடிவில்தான் சென்னையும் நம் மாவட்டமும் மூழ்கின.

காகிதத்துக்குக் குறைவில்லை. பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் வகுத்தது. அதில் 80 சதவீதம் பெரும்பாலும் வந்தபின் செய்யும் பணிகளுக்கு. 20 சதவீதம் வருமுன் காக்கும் பணிகளுக்கு. தடுப்புக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கியதே நல்ல தொடக்கம்தான். ஆனால் சென்னைப் படுகையின் வெள்ளத் தடுப்புக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் எப்போது அறிவிக்கப்பட்டது? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த அதே வாரத்தில். அதற்குச் சில நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து, தூத்துக்குடிச் சீமை வியாபாரிகள் கடைகடையாகச் சரக்கை இழந்தார்கள்.

தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒடிசா பதில் சொல்லும். 1999 அக்டோபர் புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். பிறகு புயல் பாதுகாப்பு மையங்கள், சாலை, எச்சரிக்கை ஏற்பாடு என்று ஊர்தோறும் பணி செய்தார்கள். 2013-ல் பைலின் என்ற கடும்புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே நகர்த்தப்பட்டார்கள். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. காற்று குறையவில்லை, ஏற்பாடு கூடியது.

சூரத்தைப் பாருங்கள்

நம் ஜரிகைக்கும் சூரத்துக்கும் உள்ள உறவு பழையது. அந்த ஊர் தபதி ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் மேலே உகாய் அணையிலிருந்து பெருந்தண்ணீர் திறந்துவிடப்பட்டு நகரின் பெரும்பகுதி மூழ்கியது. ஜவுளியும் வைரமும் ஜரிகையும் சேற்றில் கிடந்தன. அங்கே நஷ்டம் என்றால் இங்கே நமக்குச் சரக்கு வராது. கூடவே விலையும் ஏறும். ஆபத்து ஊர் எல்லையோடு நிற்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு சூரத் வியாபாரிகள் நிவாரணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கவில்லை. அவ்வூரின் தெற்கு குஜராத் வர்த்தக, தொழிற்சபை, மாநகராட்சியோடும் நீர்ப்பாசனத் துறையோடும் கல்வி நிறுவனங்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. ஒரு பொது அறக்கட்டளை ஏற்பட்டது. மேலே மழை பெய்தால் அணைக்கு எவ்வளவு வரும், எப்போது திறக்க வேண்டும், நகரின் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் எச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கினார்கள். வியாபாரிகளின் சபை ஒன்று நகரத்தின் வெள்ளத் தடுப்பில் பங்காளியாக முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அவர்களால் முடிந்தது காஞ்சிபுரத்து வணிகர்களால் முடியாதா?

நம் பக்கத்துக் கடமை

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நியாயமான கணக்காகாது. கடை வாசலில் கால்வாயை மூடி சிலாப் போட்டு, அதன் மேல் சரக்கை அடுக்குகிறவர்கள் நம் வணிகர் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அந்தச் சிலாப்பைத் தூக்கினால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் வாதம். கால்வாய் அடைத்துக்கொண்டால் அடுத்த பத்துக் கடைகளின் சரக்கு கெடும் என்பதையும் எண்ண வேண்டும். தூக்கி எடுக்கும்படியான இரும்புக் கிராதி போட்டுக்கொண்டால் இரு தரப்புக்கும் நஷ்டமில்லை.

2015 வெள்ளத்தில் சென்னையில் சில இடங்களில் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. விற்றவர்கள் சிலர்; கெட்ட பெயர் வணிகர் அனைவருக்கும். அதே நாட்களில் குடோனைத் திறந்துவிட்டு அரிசி கொடுத்த வியாபாரிகளும் உண்டு. ஆபத்துக் காலத்து விலைக்கு சங்கமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும்.

தீயும் பேரிடர்தான். 2017 மே 31-ல் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் எரிந்து, இடிக்கும் அளவுக்குப் போனதை மறக்க முடியாது. 2023 மார்ச்சில் ஓரிக்கைக்குப் பக்கத்துக் குருவிமலையில் பட்டாசுத் தொழிற்கூடம் வெடித்து ஏழைத் தொழிலாளிகள் மாண்டார்கள். மாடிப்படியிலும் பின்வாசலிலும் சரக்கை அடைத்து வைக்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலருக்கு விவரம் போதவில்லை. 2021 ஏப்ரல் முதல், ஒரே இடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் உண்டு. தீயோடு வெள்ளம், புயல், பூகம்பமும் அதில் அடக்கம். ஆனால் இருபது லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், நான்கு லட்சம் நஷ்டத்துக்கு இரண்டு லட்சம்தான் கிடைக்கும். 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் மட்டுமே இந்தப் பாலிசியில் விட்டுக்கொடுப்பார்கள். இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தில் அழிந்த சரக்குக்கு நாம் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் சேர்த்துச் சரக்கின் மதிப்பைப் போடுவது பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிச் சரக்கு ஏறும்போது பாலிசித் தொகையும் ஏற வேண்டும்; இருப்புப் புத்தகத்தின் நகல் கடைக்கு வெளியே வேறிடத்தில் இருக்க வேண்டும்.

செலவு என்று சொல்பவர்களுக்கு

'இருக்கிற செலவுக்கே பணம் இல்லை, இதற்கு வேறா' என்று கேட்பார்கள். உலக வங்கி 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், வளரும் நாடுகளில் சாலை, மின்சாரம், குடிநீர் போன்றவற்றை ஆபத்தைத் தாங்கும்படி கட்டுவதற்குப் போடும் ஒரு பங்குக்கு நான்கு பங்கு பலன் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு நான்கு வரும் சரக்கை வாங்க மறுக்கும் வியாபாரி யார்?

'தெய்வச் செயலை யார் தடுக்க முடியும்' என்பவர்களும் உண்டு. தெய்வமே வெள்ளத்தின் குறுக்கே படுத்து அணையான ஊரில் நாம் வாழ்கிறோம். மழை தெய்வச் செயல். அடைத்துக்கிடக்கும் கால்வாய் நம் செயல்.

'ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றினால் போதும்' என்ற பேச்சும் கேட்கிறது. வேகவதிக் கரையில் இருந்த குடும்பங்களுக்காகக் கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆபத்தான இடத்திலிருந்து மக்களை நகர்த்துவது சரிதான். ஆனால் வேலை ஊருக்குள் இருக்க, வீடு மட்டும் தள்ளிப்போனால் பஸ் வசதி, பள்ளிக்கூடம், தறி வைக்க இடம் எல்லாம் கூடவே போக வேண்டும். இல்லையேல் வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வறுமையில் தள்ளியதாக முடியும். ஆற்றைச் சுருக்கியதில் குடிசைக்காரனுக்கு மட்டும் பங்கு என்று சொல்வதும் நேர்மையாகாது.

சங்கம் கேட்க வேண்டியவை

முதலாவது, 2025-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. மாநகராட்சி உள்ள ஊர்களில் மாநில அரசு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம். மாநகராட்சி ஆணையர் தலைவராகவும் மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவராகவும் இருப்பார்கள். காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இந்த ஆணையம் நம் ஊரில் அமைய வேண்டும் என்றும், அதன் கூட்டங்களில் வணிகர் சார்பிலும் நெசவாளர் சார்பிலும் ஆள் இருக்க வேண்டும் என்றும் நம் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, எந்தச் சாலைப் பணியும் தொடங்கும் முன் பழைய மட்டம், புதிய மட்டம் இரண்டையும் தெருமுனையில் பெயிண்டால் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். கால்வாய் என்றால் அது எங்கே போய் விழுகிறது என்பதையும் பலகையில் எழுதட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

மூன்றாவது, நெசவாளருக்கு வீடோ தறிக்கூடமோ கட்ட எந்தத் திட்டத்தில் பணம் வந்தாலும், தரைமட்டத்தை உயர்த்துவதும், தறிக்குழிக்கு நீர் கசியாத சிமெண்டுச் சுவர் எழுப்புவதும் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். இதில் அரசு மட்டும் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நூல் வியாபாரிகளும் புடவைக் கடைக்காரர்களும் முன்பணம் கொடுத்து, கூலியில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டால், ஒரு தெருவுக்கு ஓராண்டில் இந்த வேலையை முடித்துவிடலாம். தறி ஓடினால் அந்த முன்பணம் தானே திரும்பும்.

நான்காவது, ஆவணி மாதத்திலேயே சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குடோனில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, அதற்கு மேல் அடுக்குப் பலகையும் மின் மீட்டரும் இருக்கும்படி செய்ய வேண்டும். தார்ப்பாய், அரிசி, பால் பவுடர், மெழுகுவத்தி யாரிடம் எவ்வளவு இருக்கிறது, என்ன விலைக்குத் தருவார் என்ற பட்டியலை ஐப்பசிக்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இவை நான்கும் பெரிய காரியங்களல்ல. புதுக்கணக்கு எழுதும் நாளில் நாம் பேரேட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து லாபம் என்று எழுதுகிறோம். நஷ்டம் வரும் வழிகளையும் அதே நாளில் எண்ணிப் பார்த்து அடைக்கிறவன்தான் தேர்ந்த வியாபாரி. வீட்டுக் கணக்கில் நாம் கடைப்பிடிக்கும் இந்தப் புத்தியை ஊர்க் கணக்கிலும் கடைப்பிடிக்கும்படி கேட்பதற்கு, வரி கட்டும் வணிகர்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானங்கள் முன்வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் திரளாக வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.